எங்கள் அப்பத்தா, உங்கள் டீச்சர்

பேத்தி, திருச்சி

அப்பத்தா போன மாதம் தவறிவிட்டார். எண்பது வயது. ஆலங்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊரிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் முப்பது வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் அவரிடம் 'அ' எழுதப் பழகியவர்கள். துக்கம் கேட்க வந்த பலரை எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை. ஒவ்வொருவரும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சங்கதி சொல்லிவிட்டுப் போனார்கள். அவற்றில் ஒன்றைக்கூட அப்பத்தா எங்களிடம் சொன்னதில்லை. ஒரு வீட்டுப் பிள்ளையைப் பற்றி இன்னொரு வீட்டில் பேசக்கூடாது என்பது அவர் கொள்கை. சொந்த வீட்டிலும் அப்படித்தான். அதனால் அவருடைய பாதி வாழ்க்கை எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. அவரிடம் படித்தவர்களும் பழகியவர்களும் தெரிந்ததை எழுதுங்கள். எங்களுக்கு வேண்டும்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, புதுக்கோட்டையில் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி. வேலைக்குச் சேர்ந்தபோது புதுக்கோட்டை தனி மாவட்டம்கூட இல்லை, திருச்சி ஜில்லாவோடு இருந்தது. 1974 ஜனவரியில்தான் பிரித்தார்கள். பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடம். ஒரு ஓட்டுக் கட்டடம், ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறும்வரை, பக்கத்து ஊருக்கு மாற்றலில் போன சில வருடம் தவிர, அதே கட்டடம்தான்.

வீட்டில் காலை உலை வைப்பது தாத்தா. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அது பெரிய பேச்சு. அப்பத்தா எட்டரைக்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார், தாத்தாவுக்கு வயல் வேலை விடியற்காலையிலேயே முடிந்துவிடும், ஆகவே அவர் சமைத்தார். கேலி பேசியவர்களிடம் தாத்தா, "அவ போகலைன்னா உம் பிள்ளைக்கு யாரு சொல்லிக் கொடுக்கிறது?" என்று மட்டும் கேட்பாராம். அப்பத்தாவின் கதையில் தாத்தாவுக்குப் பாதிப் பங்கு உண்டு. அதையும் எழுதிவிட வேண்டும்.


ஓய்வு பெற்ற அரசு ஊழியர், புதுக்கோட்டை

தங்கச்சி, நான் 1970 ஜூனில் அவரிடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவன். அப்போது வயது பார்ப்பது எப்படியென்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பிறந்த தேதியை வாத்தியாரே போட்டுக்கொள்வார். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஐந்து முடிந்திருக்க வேண்டுமே, அதனால் மே மாதத்தில் ஒரு தேதி, இல்லையென்றால் ஜூன் 1. எங்கள் தலைமுறையில் ஒரே நாளில் பிறந்தவர்கள் ஊருக்கு ஊர் கும்பலாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

டீச்சர் அப்படிச் செய்ய மாட்டார். என் அம்மாவை உட்காரவைத்து, "பிள்ளை பிறந்தப்ப வயல்ல என்ன வேலை நடந்துச்சு?" என்று ஆரம்பித்தார். அம்மாவுக்கு மாதம் தெரியாது, ஆனால் காற்று தெரியும். "பேய்க்காத்து அடிச்சுச்சு டீச்சர். ராமேஸ்வரத்துப் பக்கம் ரயிலையே கடல் கொண்டுபோயிருச்சுன்னு பேசிக்கிட்டாகளே, அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் இருக்கும்" என்றாள். தனுஷ்கோடிப் புயல். 1964 டிசம்பர் 22 ராத்திரி. டீச்சர் எனக்கு டிசம்பர் மாதத் தேதியைப் போட்டார். புயல் இல்லாத பிள்ளைகளுக்கு நார்த்தாமலைத் தேர், திருவப்பூர் பூச்சொரிதல் என்று திருவிழாவை வைத்துக் கணக்குப் போட்டுப் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டுவார். ஒரு பிள்ளைக்கு அரை மணி நேரம்கூட ஆகும். வெளியே வரிசை நிற்கும்.

என் பெரியப்பா மகன் வேறு ஊரில் சேர்ந்தான். என்னைவிட இரண்டு மாதம் இளையவன். அவனுக்கு அங்கே போட்ட தேதி 1964 ஜூன் 1. இரண்டு பேரும் அரசு வேலைக்குத்தான் போனோம். இளையவன் 2024 மே கடைசியில் ஓய்வு பெற்றான். நான் டிசம்பர் கடைசிவரை சம்பளம் வாங்கினேன். அவன் மகளுக்கு அந்த வருடம் கல்யாணச் செலவு. அந்த மாதங்களின் சம்பளம் அந்த வீட்டுக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு டீச்சர் அரை மணி நேரம் செலவழிப்பதற்கும் செலவழிக்காததற்கும் உள்ள வித்தியாசம் அறுபது வயதில் தெரிய வருகிறது.


பத்திர எழுத்தர், அறந்தாங்கி

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் எழுத்து மாறியது. 1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டை ஒட்டி, எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டது. மொத்தம் பதின்மூன்று எழுத்துகள். ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் யானைத் துதிக்கை போல வளைந்த கொம்பு இருந்தது. அது போய், கை, மை மாதிரியே கொம்பு வந்தது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்களும் சுழியை விட்டுவிட்டுத் துணைக்கால் வாங்கிக்கொண்டன.

டீச்சர் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் புது எழுத்து, அந்தப் பக்கம் பழைய எழுத்து என்று எழுதினார். "எழுதுறது புதுசுல எழுது. பழசை வாசிக்கத் தெரிஞ்சுக்கோ. உங்க தாத்தா வச்சிட்டுப் போன தாள் எதுவும் உனக்காக மாறப் போறதில்ல" என்றார். மறுநாள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பழைய தாள் கொண்டுவரச் சொன்னார். ஒருத்தன் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தான். ஒருத்தி மலேயாவிலிருந்து அவள் தாத்தா எழுதிய கடிதம். நான் எங்கள் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு கிரயப் பத்திர நகலை எடுத்துப் போனேன். அதைப் பார்த்ததும் டீச்சர் முகம் மாறியது. மடிப்பு கிழியாமல் பிரித்து, ஒரு பத்தி மட்டும் வாசிக்கச் சொன்னார். "வடக்கு எல்லை" என்று நான் கூட்டி வாசித்தேன், பழைய லையில். பிறகு அவரே பள்ளி விட்டதும் என்னோடு வீட்டுக்கு நடந்துவந்து அந்த நகலை அப்பா கையில் கொடுத்துவிட்டு, "திட்டாதீங்க, நான்தான் கேட்டேன்" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மூலப் பத்திரம் பார்க்கும் இடத்தில் இளம் பையன்கள் பழைய எழுத்தில் தடுமாறும்போது என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். நான் வேறு எங்கேயும் கற்றுக்கொள்ளவில்லை.


பேத்தி

இதைப் படித்ததும் அப்பத்தாவின் பால்கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசிவரை 'காலை', 'மாலை' இரண்டையும் பழைய லையில்தான் எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் புதியது, தனக்குப் பழையது.


சத்துணவு சமையலரின் மகள், தஞ்சாவூர்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் டீச்சரைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது.

1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தது. எம்.ஜி.ஆர். திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் தொடங்கி வைத்தார். அந்தத் திட்டத்தில் கணவனை இழந்த பெண்களுக்கு வேலை கிடைத்தது. அப்பா இறந்து, நாங்கள் மூன்று பிள்ளைகளோடு தவித்துக்கொண்டிருந்த நேரம். அம்மாவுக்கு எங்கள் பள்ளியிலேயே சமையல் வேலை கிடைத்தது. எங்கள் வீடு காலனியில். ஊருக்குள் அது பிரச்சினை ஆனது. முதல் நாளே பாதிப் பிள்ளைகள் தட்டு எடுத்து வரவில்லை. இரண்டாம் நாள் பெரியவர்கள் நாலைந்து பேர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்கள். டீச்சர் அவர்களுடைய சொந்தக்காரர்தான், அதனால் உரிமையோடு பேசினார்கள். நான் நான்காம் வகுப்பு. சமையல் கொட்டகைக்குள் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் வாதாடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தூக்குவாளியை மேசை மேலேயே விட்டுவிட்டு, அலுமினியத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் வரிசையில் கடைசியில் போய்த் தரையில் உட்கார்ந்தார். என் அம்மா கை நடுங்கியது. சோறு போட்டு, சாம்பார் ஊற்றியதில் கொஞ்சம் டீச்சர் புடவையில் சிந்தியது. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பிசைந்து சாப்பிட்டார். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, நாளைக்குப் பார்த்துப் போடு" என்று அம்மாவிடம் சொன்னார். சமையல்காரியிடம் யாரும் சொல்லக்கூடிய சாதாரணப் பேச்சு. அந்த ஊரில் எங்கம்மாவிடம் அப்படிச் சாதாரணமாகப் பேசிய முதல் ஊர்க்காரர் அவர்தான். ஓய்வு பெறும்வரை மதியம் அவர் அந்த வரிசையில்தான் சாப்பிட்டார். தூக்குவாளியை மறுநாளிலிருந்து கொண்டுவரவில்லை.

சில வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். "பேரை வெட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டீச்சர் வெட்டவில்லை. தினமும் காலையில் வருகை எடுக்கும்போது அந்தப் பெயர்களையும் கூப்பிடுவார். பதில் வராது. அடுத்த பெயரைக் கூப்பிடுவார். சாயங்காலம் அந்த வீடுகளுக்குப் போய் அன்றைக்கு என்ன பாடம் நடந்தது என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வருவார். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாராம். தீபாவளிக்குள் எல்லோரும் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று நான் எழுத மாட்டேன். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை வீட்டுச் சோறு கொண்டுவந்து தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைகள் உண்டு. 1989இல் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை என்று வந்தது. அன்றைக்கு அந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகளும் தட்டை நீட்டினார்கள். அம்மா எல்லோருக்கும் வைத்தாள்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து இப்போது தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். என் பள்ளியில் மதியம் நான் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.


உடன் வேலை பார்த்த ஆசிரியை, கறம்பக்குடி

கண்ணு, உன் அப்பத்தாவோடு பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். எண்பதுகளின் கடைசியில் புதிதாகச் சேர்ந்தபோது எனக்கு மூன்று விஷயம் ஆச்சரியமாக இருந்தது. ஒன்று, ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை ஒரே அறையில் வைத்து நடத்துகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகளோடு தரையில்தான். முன்னால் ஒரு முறத்தில் புளியங்கொட்டை, பக்கத்தில் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சி. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட்டல் சொல்லிக்கொடுக்கும். அக்கா அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்புக்கு வாசிக்கப் பழக்குவார்.

இன்னொன்று அந்த வருகைப் பதிவேடு. மேலே ஒரு தங்கச்சி எழுதியிருப்பது நான் சேர்வதற்கு முந்திய சங்கதி. ஆனால் பழக்கம் அப்படியேதான் இருந்தது. நீண்ட நாள் வராத பிள்ளையின் பேரைச் சிவப்பு மையில் அடித்துவிடலாம். ஆய்வுக்கு வருகிற அதிகாரிக்கும் அதுதான் வசதி, சதவீதம் நன்றாகத் தெரியும். அக்காவுடைய பதிவேட்டில் சிவப்புக் கோடு இருக்காது. ஒவ்வொரு ஆய்விலும் திட்டு வாங்குவார். "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேங்கய்யா" என்பார். கடலை பறிக்கிற காலம், நாற்று நடுகிற காலம், முந்திரிக்கொட்டை பொறுக்குகிற காலம் என்று எந்த வீட்டுப் பிள்ளை எப்போது நிற்கும் என்று அவருக்கு அத்துப்படி. நின்ற அன்று சாயங்காலமே போய்விடுவார். தாமதமாகப் போனால் பிள்ளைக்கு வெட்கம் வந்துவிடும், அப்புறம் கூப்பிட்டாலும் வராது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். என் ஆசிரியப் பயிற்சியில் இல்லாத பாடம்.

மூன்றாவது, அந்தப் பள்ளிக்கூடத்தில் பிரம்பு கிடையாது. அந்தக் காலத்தில் பிரம்பு இல்லாத பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததே இல்லை. ஏன் அக்கா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். பிறகு நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கரும்பலகைக்குப் பூச்சு. ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்து, பழந்துணியில் தொட்டு இரண்டு முறை இழுக்க வேண்டும். முதல் பூச்சு காய்ந்த பிறகுதான் இரண்டாவது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குச் சண்டை போடுவார்கள். கை கழுவாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று அக்கா வாசலில் நின்று ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்ப்பார், ஊமத்தை விஷம் அல்லவா.

2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் எல்லாத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. பிள்ளைகள் தாங்களே எடுத்துப் படிக்கிற அட்டைகள், அடுத்து எந்த அட்டை என்று காட்டுகிற ஏணிப்படி, சுவரோரம் பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை, ஆசிரியரும் பாயில் உட்கார வேண்டும். எங்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அக்கா ஓய்வு பெற்று நாலைந்து வருடம் ஆகியிருந்தது. கேள்விப்பட்டு, நான் அப்போது இருந்த பள்ளிக்கே வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். அந்தத் தாழ்வான கரும்பலகையைப் பார்த்ததும் அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு கட்டம்! ஆனால் கிளம்பும்போது, "அட்டையை எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணும் ஒரு மூலைக்குப் போயிருது. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கதை கேட்க நேரம் ஒதுக்கு" என்றார். இரண்டுமே சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.


அறிவொளியில் தொண்டராக இருந்தவர், ஆலங்குடி

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி தொடங்கியபோது நான் பத்தாம் வகுப்பு முடித்து வீட்டில் இருந்த பெண். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். ராத்திரி ஏழு மணிக்கு மேல் தெருவிளக்கின் கீழேயும் அரிக்கேன் வைத்தும் வகுப்பு. படிக்க வந்தவர்கள் எல்லாம் பகலெல்லாம் களை எடுத்துவிட்டு வந்த பெண்கள். என்னைத் தொண்டராக அனுப்ப அப்பா சம்மதிக்கவில்லை. டீச்சர் வந்து பேசினார். நம்ம புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்பிள்ளைகள் படித்த மகாராஜா கல்லூரிக்குப் போய்ப் படித்துத்தானே டாக்டர் ஆனார் என்று ஒரு வகுப்பே எடுத்தார். அப்பா டீச்சரிடம் படித்தவர். மறுத்துப் பேச முடியவில்லை.

அப்புறம் சைக்கிள். பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதும் அறிவொளியின் வேலைகளில் ஒன்றாக ஆனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் ஊரில் முதலில் ஏறியது டீச்சர்தான். நாற்பத்தாறு வயது. பொழுது சாய்ந்த பிறகு பள்ளிக்கூடத் திடலில் பழகினோம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காது, வாடகைக்கு எடுத்த ஆண்கள் சைக்கிள்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாருக்கு மேலே காலைப் போட்டு ஏறுவதற்கே தனித் துணிச்சல் வேண்டும். விழுந்தார், முழங்கை தேய்ந்தது. மறுநாள் பள்ளியில் பிள்ளைகள் கேட்டதற்கு, "சைக்கிள் பழகுறேன், விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தாராம். டீச்சரே விழுந்தார் என்றதும் பத்துப் பெண்கள் திடலுக்கு வந்தார்கள்.

1992 மகளிர் தினத்துக்குப் புதுக்கோட்டையில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். நாங்களும் போனோம். ஊர்வலத்தைவிட எனக்கு நினைவில் நிற்பது அதற்குப் பிந்தைய நாட்கள்தான். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு, பிள்ளையை முன்பாரில் உட்காரவைத்துப் பெண்கள் சர்வசாதாரணமாகப் போனார்கள். என் சித்தி ரேஷன் கடையில் மைப்பெட்டியைத் தள்ளிவிட்டுப் பேனா கேட்டாள். கையெழுத்துப் போட அவளுக்கு ஐந்து நிமிடம் ஆனது, பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அவள் நிதானமாக முழுப் பெயரையும் எழுதினாள். டீச்சர் அவளுக்கு முதலில் பெயர் எழுதத்தான் சொல்லிக்கொடுத்தார், 'அ'வுக்குக்கூட அப்புறம்தான் வந்தார்.


பக்கத்து வீட்டுக்காரர்

கஜா புயல், 2018 நவம்பர் 16 விடியற்காலை. எங்கள் பக்கம் பலா, தென்னை, தேக்கு எல்லாம் போனது. வாரக்கணக்கில் கரண்டு இல்லை. விடிந்ததும் எல்லோரும் தோப்பைப் பார்க்க ஓடினோம். டீச்சரம்மா எழுபது வயதுக்கு மேலே, கம்பை ஊன்றிக்கொண்டு வீடு வீடாகப் போய் நனைந்த புத்தகப் பைகளை வாங்கினார். மழை விட்டதும் எங்கள் களத்தில் தார்ப்பாய் விரித்து ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து வெயிலில் வைத்தார். பறக்காமல் இருக்க ஓட்டுத்துண்டு. எந்தப் பை எந்த வீட்டுடையது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். அவர் வீட்டுக் கொல்லையில் விழுந்துகிடந்த பலா மரத்தை அதற்கப்புறம்தான் போய்ப் பார்த்தார்.


பேரன், சென்னை

அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அதனால் எழுதுகிறேன். எனக்கு டிஸ்லெக்சியா. இப்போது சொல்ல வெட்கம் இல்லை. ஆனால் ஏழெட்டு வயதில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றே எங்கள் வீட்டில் தெரியாது. நான் படித்த பள்ளியில் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். டீச்சர் வீட்டுப் பேரனுக்கே எழுத்து வரவில்லை என்று ஊரில் பேசினார்கள். அப்பா என்னை அடித்தார். அப்பத்தா அதைத் தடுத்தவிதம் எனக்கு மறக்காது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவே இல்லை.

கோடை விடுமுறைக்கு என்னை ஊருக்குக் கூட்டிப் போனார். புத்தகமே எடுக்கவில்லை. ஆற்று மணலை முறத்தில் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் எழுதச் சொன்னார். என் முதுகில் விரலால் ஒரு எழுத்தை எழுதி என்ன எழுத்து என்று கேட்பார். கண்ணால் பார்த்தால் குழம்புகிற எழுத்து முதுகில் குழம்பவில்லை. இதை அவர் எங்கேயும் படித்துச் செய்யவில்லை, பள்ளிக்கூடத்தில் என்னை மாதிரி பிள்ளைகள் எப்போதும் இருந்தார்கள் என்றார். பிறகு யாரிடமோ விசாரித்து, என்னைப் பரிசோதனைக்குத் திருச்சிக்குக் கூட்டிப் போகச் சொன்னதும் அவர்தான். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் கேட்டு வாங்கலாம் என்பதே பல பெற்றோருக்கு இன்னும் தெரியாது. அந்த விண்ணப்பத்தை அப்பத்தா தன் கையால் நிரப்பினார். இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது என்னை மாதிரிப் பிள்ளை இருந்தால் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காதீர்கள். முதலில் பரிசோதனை செய்து சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

ஒரு நாள், என்னை மாதிரிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "சிலரை அடிச்சிருக்கேன்டா" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.


லாரி ஓட்டுநர்

மேலே தம்பி எழுதியதைப் படித்தேன். டீச்சர் அடித்ததில் நானும் ஒருத்தன். கறம்பக்குடி டீச்சர் பிரம்பு ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறார்கள். நான் சொல்கிறேன்.

எண்பத்தைந்து வாக்கில் நான் நான்காம் வகுப்பு. வாசிக்கச் சொன்னார், வரவில்லை. வேண்டுமென்றே வாசிக்காமல் நிற்கிறேன் என்று நினைத்துவிட்டார். கையில் அடி. தழும்பு இல்லை, ஆனால் இரண்டு நாள் கை மடங்கவில்லை. நான் மறுநாள் போகவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே டீச்சர் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டில் உட்கார ஒன்றும் கிடையாது. சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்து, என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "தப்பு என்மேலதான்" என்று எங்கம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. வாத்தியார் அடித்தால் நல்லதற்குத்தான் என்று நம்பிய காலம் அது. நான் அப்போதும் போகவில்லை. அடி மட்டும் காரணம் இல்லை, வீட்டில் கஷ்டம். மாமா என்னைத் திருப்பூருக்குக் கூட்டிப் போய் டீக்கடையில் விட்டார். டீச்சர் அந்த வருடம் முழுக்க என் பேரைக் கூப்பிட்டார் என்று கூடப் படித்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

கிளீனராக வண்டி ஏறி, ஸ்டியரிங் பிடிக்கப் பழகி, கனரக லைசென்ஸ் எடுக்கப் போனால் எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்றார்கள். 2007இல் வந்த விதி. 2019இல் எடுத்துவிட்டார்கள், ஆனால் எனக்கு வேண்டியது அப்போது. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். முப்பது வயதைத் தாண்டிய ஆள் எங்கே போய்ப் படிப்பது? ஊருக்கு வந்து டீச்சர் வீட்டு வாசலில் நின்றேன். மீசை வைத்த ஆளைப் பார்த்ததும் ஒரு நொடிகூட யோசிக்காமல் பேர் சொல்லி, அப்பன் பேரையும் சேர்த்துச் சொல்லி உள்ளே வரச் சொன்னார். வந்த விஷயத்தைச் சொன்னேன். அப்போதே நோட்டை எடுத்துவிட்டார்.

லோடு இல்லாத நாளெல்லாம் போவேன். தாத்தா சோறு போடுவார். கணக்கில் பின்னம் எனக்கு ஏறவே இல்லை. டீச்சர் டீசலில் ஆரம்பித்தார். அரை டேங்க், கால் டேங்க், கால் டேங்க்கில் எத்தனை கிலோமீட்டர் போகும் என்று. அது எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். வாசிப்பதற்கு ஊர்ப் பலகைகள். விராலிமலை, மணப்பாறை, திண்டுக்கல் என்று நான் தினமும் பார்க்கிற பெயர்களை எழுதிக்காட்டி, அதிலிருந்து எழுத்தைப் பிரித்தார். முதல் தடவை இரண்டு பாடம் போய்விட்டது, மறுபடி எழுதித் தேறினேன். சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். பிறந்த தேதியைக்கூடச் சரி பார்த்தார்.

தங்கச்சி, காரியத்துக்கு வர முடியவில்லை. வண்டி அப்போது நாக்பூரில் நின்றது, தகவலே இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. இப்போது ஓசூரில் இறக்குகிறேன், திரும்பி வரும்போது திருச்சி வழிதான். நீங்கள் திருச்சியிலா, ஊரிலா? நம்பரை நம்ம பத்திர எழுத்தர் அண்ணனிடம் கொடுத்து வையுங்கள். தாத்தா இருந்தால் அவரையும் பார்க்க வேண்டும்.


பேத்தி

அண்ணே, தாத்தா இருக்கிறார். ஊரில்தான். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேசுங்கள். நானும் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன். சாப்பிடாமல் வாருங்கள்.